மாத்திரையும் நரம்பும்: ஆபிரகாம் பண்டிதரின் இசையாய்வில் மருத்துவ நோக்கு

முன்னுரை

தமிழில் மாத்திரை என்னும் சொல் மூன்று துறைகளுக்கு உரியது. எழுத்தொலியின் கால அளவைக் கண்ணிமைப்பையும் விரல்நொடிப்பையும் கொண்டு வரையறுக்கும் தொல்காப்பியம் அவ்வளவை மாத்திரை என்கிறது. தாளத்தின் கால அளவும் இசைநூல்களில் மாத்திரையே. மருத்துவர் அளந்து உருட்டித் தரும் மருந்தும் மாத்திரையே. நரம்பு என்னும் சொல்லும் இத்தகையது. உடலினுள் ஓடுவது நரம்பு. யாழில் கட்டப்படுவது நரம்பு. அதில் பிறக்கும் சுரத்தையும் பழைய உரையாசிரியர்கள் நரம்பு என்றே வழங்கினர். ஒரே சொல் மருத்துவத்திற்கும் இசைக்கும் பொதுவாக நிற்பதைப் போல, ஒரே வாழ்க்கை இவ்விரண்டிற்கும் பொதுவாக அமைந்தமைக்குத் தமிழுலகில் சிறந்த சான்று தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) ஆவார்.

பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வெளிவந்தது. அந்நூல்பற்றித் தமிழ் ஆய்வுலகில் இருவகை மதிப்பீடுகள் நிலவிவருகின்றன. தமிழிசையின் தொன்மையை நிலைநாட்டிய முதல் நூல் என்று போற்றுவது ஒன்று. இசையைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு வைத்தியர் பெருமுயற்சியுடன் தொகுத்த பெருந்தொகுதி என்று ஒதுக்குவது மற்றொன்று. இவ்விரு மதிப்பீடுகளுமே பண்டிதரின் மருத்துவத் தொழிலை வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பாக மட்டும் நிறுத்திவிடுகின்றன. அவர்தம் மருத்துவம் அவர்தம் இசையாய்வின் முறையியலுக்குள்ளேயே இயங்குகிறது என்பதும், நூலின் வலிமையும் குறையும் அந்த ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தொழிலும் இசையும்

இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்த பண்டிதர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியராகப் பணியாற்றினார். பிடில் வாசிப்பை அவர் கற்றதும் திண்டுக்கல்லில்தான். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்துச் சித்த மருத்துவ அறிவு பெற்றார் என்பது அவர் வரலாற்றில் திருப்புமுனையாகும். 1880களில் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து பள்ளி ஆசிரியராக இருந்தவர், பின்னர் அப்பணியைத் துறந்து முழுநேர மருத்துவரானார். தஞ்சைக்கு அருகே நிலம் வாங்கி மூலிகைகளும் பயிர்களும் வளர்த்த பண்ணைக்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். அவர்தம் மருந்துகள் தமிழகத்திலும் கடல்கடந்த தமிழரிடையேயும் பெருவழக்குப் பெற்றன. 1909இல் அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தது. மருத்துவ ஆசிரியரின் பெயரே பண்ணைக்கும் பின்னர் இசைநூலுக்கும் அமைந்தமை, இரு துறைகளையும் அவர் வேறாகக் கருதவில்லை என்பதைக் காட்டும்.

இங்கு ஒரு வரலாற்றுச் சூழலை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். தஞ்சை மராத்திய அரசு 1855இல் முடிவுற்றது. நாயக்கர் காலந்தொட்டு இசைவாணர்களையும் இசை இலக்கண ஆசிரியர்களையும் புரந்துவந்த அரசவை அத்துடன் இல்லாதாயிற்று. அரசவை செய்துவந்த பணியின் ஒரு பகுதியை, ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின், அதே நகரில் ஒரு மருத்துவரின் வருவாய் செய்தது. 1912இல் பண்டிதர் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் சொந்தச் செலவிலேயே இசை மாநாடுகளைத் தொடர்ந்து நடத்தினார். வித்துவான்களை வரவழைத்து விருந்தோம்பி, அவர்கள் முன்னிலையில் தம் கணக்குகளை எடுத்துரைத்தார். நூலை அச்சிட்டதும் அவருக்குரிய லாலி மின் அச்சகமே. புரவலரை நாடவேண்டாத நிலை அவருக்கு அளித்த உரிமை பெரிது. எவரையும் மறுத்துரைக்கத் தடையில்லாதிருந்தது. அவ்வுரிமையில் ஓர் இடரும் இருந்தது. எழுதியவரே அச்சிட்டவராகவும் இருந்தமையால், நூலைச் சுருக்குமாறு வற்புறுத்துவதற்கு வெளியார் எவருமில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் நூல் விரிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர் என்னும் குறை பண்டிதருக்கு மட்டும் உரியதன்று. 1916 மார்ச்சில் பரோடாவில் நடைபெற்ற முதல் அனைத்திந்திய இசை மாநாட்டில் சுருதிபற்றிய விவாதம் முதன்மை பெற்றது. அம்மாநாட்டிற்கு முன்னின்ற பாத்கண்டே சட்டம் பயின்றவர். 22 சுருதிக் கொள்கையை ஆதரித்த கிளமென்ட்ஸ் நீதித்துறை அதிகாரி. அவருடன் இணைந்து உழைத்த தேவல் ஓய்வுபெற்ற துணை ஆட்சியர். அக்கொள்கையை எதிர்த்து, தம் மகளிரைக் கொண்டு பாடியும் வாசித்தும் விளக்கம் தந்த பண்டிதர் மருத்துவர். அக்காலத்து இந்திய இசையியலை உருவாக்கியவர் பலரும் வேறு தொழிலிலிருந்து வந்தவரே. ஆகவே ஒருவர் இசைத் தொழிலினரா அல்லரா என்னும் வினா இங்குப் பயன் தராது. அவர்தம் தொழில் அவருக்கு எத்தகைய சிந்தனைப் பழக்கத்தைத் தந்தது என்பதே கேட்கத்தக்க வினா.

நூலின் மூன்று அடுக்குகள்

கருணாமிர்த சாகரத்தை ஒரே தன்மையுடைய நூலாகக் கொண்டு ஏற்பதும் மறுப்பதும் பிழைபட்ட முறையாகும். அதனுள் மூன்று அடுக்குகள் உள்ளன.

முதலாவது, வரலாற்று அடுக்கு. கடல்கொண்ட தென்னாடு, முச்சங்கம், தமிழின் தொன்மை ஆகியன இதில் இடம்பெறுகின்றன. இலெமூரியாக் கண்டம்பற்றிய கருத்து அக்காலத்து நிலவியல் ஊகங்களின் துணையோடு எழுந்தது. கண்ட நகர்வுக் கொள்கையும் தட்டுப்புவியியலும் நிலைபெற்றபின் அறிவியல் உலகில் அதற்கு இடமில்லை. இவ்வடுக்கு இன்று கருத்தியல் வரலாற்றுக்குரிய ஆவணமாகவே பயன்படும்.

இரண்டாவது, கணக்கு அடுக்கு. ஒரு தாயியில் அமையும் சுருதிகள் எத்தனை, அவற்றின் அளவு யாது என்பதைப் பெருக்கல் வகுத்தல் முறைகளாலும் அட்டவணைகளாலும் ஆராயும் பகுதி இது.

மூன்றாவது, உரையியல் அடுக்கு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆய்ச்சியர் குரவை ஆகியவற்றையும் அரும்பதவுரையாசிரியர், அடியார்க்குநல்லார் உரைகளையும் கொண்டு பழந்தமிழிசை முறையை மீட்டெடுக்கும் முயற்சி இது. உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரைகளுடன் 1892இல் பதிப்பித்தார். அப்பதிப்பு வெளிவந்து கால் நூற்றாண்டுக்குள் அதன் இசைப்பகுதிகளை இத்துணை விரிவாக ஆராய்ந்த நூல் பிறிதொன்றில்லை.

முதல் அடுக்கைக் காட்டி மற்ற இரண்டையும் மறுப்பதும், மற்ற இரண்டின் பெருமையால் முதலடுக்கைக் காப்பாற்ற முனைவதும் தமிழ் ஆய்வுலகில் பலகாலும் நிகழ்ந்துள்ளன. பண்டிதருக்குச் செய்யத்தக்க நியாயம், இரண்டாம் மூன்றாம் அடுக்குகளை அவற்றிற்குரிய அளவுகோல்களால் ஆராய்வதே.

கணக்கு: தேர்ந்தறியும் மருத்துவர்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் 22 சுருதிக் கொள்கைக்குப் பெருஞ்சான்றாகக் கொள்ளப்படுவது. அந்நூல் உடலிலிருந்தே தொடங்குகிறது என்பது கருதத்தக்கது. அதன் முதல் இயலில் மானுட உடலின் தோற்றத்தையும் உறுப்பமைதியையும் விளக்கும் பகுதி உள்ளது. இதயப் பகுதியில் 22 நாடிகள் குறுக்காக அமைந்துள்ளன என்றும், அவற்றால் 22 சுருதிகள் பிறக்கின்றன என்றும் அந்நூல் கூறும். சாரங்கதேவர் மருத்துவ அறிவும் உடையவராக அறியப்படுகிறார். எனவே, உடலையும் இசையையும் இணைத்துக் காண்பது பண்டிதர் புதிதாகச் செய்ததன்று. நாடியைக் கொண்டு நிறுவப்பட்ட எண்ணை மறுக்க முன்வந்தவர், நாடி பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் என்பதே புதுமை.

மறுப்பின் முறையும் கருதத்தக்கது. 22 சுருதிகளுக்கு வெவ்வேறு ஆசிரியர்கள் தந்த பின்ன அளவுகளை அடுத்தடுத்து அட்டவணைகளாக்கி, அவை ஒன்றோடொன்று பொருந்தாமையைப் பண்டிதர் காட்டுகிறார். ஒரே பெயருடைய மருந்துக்குப் பலர் பலவாறு அளவு சொல்லுமிடத்து, சுவடிகளை ஒப்பிட்டும் சரக்கைச் சோதித்தும் முடிவுகாணும் மருத்துவரின் பழக்கம் இதில் புலப்படுகிறது. நூற்பெயரின் பெருமை இங்குச் சான்றாவதில்லை. அளவின் பொருத்தமே சான்றாகிறது.

அவர் எழுப்பிய அடிப்படை வினா எளியது. சட்சமத்திலிருந்து பஞ்சமம், அப்பஞ்சமத்தைச் சட்சமமாகக் கொண்டு அதற்கொரு பஞ்சமம் எனப் பன்னிரண்டு முறை சென்றால் தொடங்கிய இடத்திற்கே திரும்ப வேண்டாமா என்பதே அது. பஞ்சமத்தின் அளவு 3:2 என்று கொண்டால் அவ்வாறு திரும்ப இயலாது. 3/2 என்பதைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 கிடைக்கும். ஏழு தாயிகள் கடந்த சட்சமமோ 128. இடையிலுள்ள சிறு மிகையே வட்டம் மூடாமைக்குக் காரணம். இம்மிகையைப் பன்னிரண்டு பஞ்சமங்களிலும் சமமாகப் பங்கிட்டுக் கழித்தால் வட்டம் மூடும். தாயி பன்னிரு சமபாகமாகும். அதனை மேலும் பகுத்து 24 அலகு என்று கொள்வதே பண்டிதர் முடிவு. ஒரு தாயியை 1200 சிறுகூறுகளாகப் பகுத்துக் காணும் இன்றைய அளவைமுறையில், 3:2 பஞ்சமம் 702 கூறு. பண்டிதரின் பஞ்சமம் 700 கூறு. தாயியை 22 சமபாகமாக்கிப் பதின்மூன்று சுருதியைப் பஞ்சமத்திற்கு அளித்தால் அது 709 கூறாகும். இவ்வகையில், சமபாகம் என்று கொள்ளுமிடத்து, 22ஐவிட 24 செவிக்கு நெருங்கியது என்னும் அவர் கூற்று கணக்களவில் சரியானதே.

சரக்கும் சுரமும்

இவ்வளவில் நின்றிருந்தால் பண்டிதரின் ஆய்வு கணக்காய்வாக மட்டுமே அமைந்திருக்கும். அவர் அதனைச் சிலப்பதிகாரத்துடன் இணைத்தார். உரைகள் தரும் அலகு வரிசைப்படி குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 ஆகும். கூட்டினால் 22. இதனைப் பண்டிதர் மறுக்கவில்லை; வேறு வகையாக விளக்கினார். கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துச் சொல்லப்பட்டுள்ளது என்றும், அவற்றைச் சேர்த்தால் 24 கிடைக்கும் என்றும் கூறினார். அங்ஙனம் சேர்க்கும்போது வரிசை 4, 4, 4, 2, 4, 4, 2 என்றாகும். முழுச்சுரம் நான்கு அலகு, அரைச்சுரம் இரண்டு அலகு என்னும் ஒழுங்கு வெளிப்படுகிறது. மூன்றலகு என்னும் இடைநிலை நீங்கிவிடுகிறது. இதன் அழகு மறுக்கவியலாதது.

இங்குத்தான் மருத்துவ நோக்கு முழுமையாகச் செயற்படுகிறது. உரையாசிரியர்கள் நரம்புகளுக்கிடையேயான உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று வகுப்பர். ஐந்தாம் நரம்பு கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. சித்த மருத்துவத்திலும் சரக்குகளைச் சத்துரு, மித்துரு எனப் பகுக்கும் மரபுண்டு. எச்சரக்குடன் எச்சரக்கு சேரும், எது எதனைக் கெடுக்கும் என்னும் அறிவின்றி மருந்து முடிக்க இயலாது. இராகம் அமைக்கும்போது எச்சுரத்துடன் எச்சுரம் பொருந்தும் என்பதை ஆராயப் பண்டிதர் இப்பழைய வகைப்பாட்டையே பயன்கொள்கிறார். உரையில் உறங்கிக்கிடந்த கலைச்சொற்களை நடைமுறை விதிகளாக அவர் படித்ததற்கு, பகையும் நட்பும் அன்றாட வினையாக இருந்த ஒரு தொழிலின் பின்னணி துணைசெய்திருக்கக்கூடும். இலக்கணப் புலமை மட்டுமே உடைய ஒருவருக்கு இச்சொற்கள் உருவகமாகத் தோன்றியிருக்கும். மருந்து முடிப்பவருக்கு அவை சேர்க்கை விதிகள்.

எண்களிலும் இதே பின்னணியைக் காணலாம். பண்டிதர் ஆயப்பாலையைப் பன்னிரண்டாகவும், வட்டப்பாலையை 24 ஆகவும், திரிகோணப்பாலையை 48 ஆகவும், சதுரப்பாலையை 96 ஆகவும் விரிக்கிறார். சித்த மருத்துவத்தில் தத்துவங்கள் 96. மானுட உடல் தன் கையால் எண்சாண். ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை எனில் உடலின் அளவும் 96. பண்டிதர் இயற்றி 1907இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத் திரட்டில் உள்ள பாடல்களும் 96. அண்டத்தில் உள்ளதே பிண்டத்தில் உண்டு என்னும் சித்தர் கொள்கை, இசையின் அளவிலும் உடலின் அளவே திரும்பத் தோன்ற வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை அவருக்குத் தந்தது எனலாம். யாழையும் மானுட உடலையும் அவர் ஒப்பிட்டுக் காண்பதும் இதன் பாற்பட்டதே.

வட்டம் மூடவேண்டும் என்னும் விருப்பம்

தேர்ந்தறியும் பழக்கமும் அண்டபிண்ட ஒப்புமையும் ஒரே மருத்துவ மரபிலிருந்து வந்தவை. முன்னது பண்டிதரை ஐயுறச் செய்தது; பின்னது அவரை நம்பச் செய்தது. சாரங்கதேவரின் எண்ணைச் சோதித்த அதே கடுமையுடன் தம் எண்ணை அவர் சோதித்தாரா என்பதே இந்நூலை நோக்கித் திறனாய்வு எழுப்பவேண்டிய வினா.

கைக்கிளையும் விளரியும் இதற்கு உரைகல்லாகின்றன. இவையே மூன்றாம் நரம்பும் ஆறாம் நரம்பும் ஆவன. இயற்கையான காந்தாரத்தின் அளவு 5:4. அது 386 கூறு. நன்கு சுருதி சேர்த்த தம்புராவில், மீட்டாமலே தானாக எழும் காந்தாரம் இதுவே. சமபாக முறையில் காந்தாரம் 400 கூறு. அதாவது செவி கேட்பது பண்டிதரின் அளவைவிட 14 கூறு தாழ்ந்தது. தைவதத்திலும் இவ்வாறே. 5:3 என்னும் இயற்கையளவு 884 கூறு. சமபாக முறையில் 900. பஞ்சமத்தில் இரண்டு கூறாக இருந்த வேறுபாடு, இவ்விரண்டிடத்தும் செவிக்குப் புலப்படும் அளவிற்குப் பெருகுகிறது. உரைவரிசையில் ஓரலகு குறைந்துநிற்பன இவ்விரு நரம்புகளே என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. பண்டிதர் மறைபொருளாகக் கருதிய குறைப்பு, அக்காலத்துப் பாணர் செவியால் கேட்ட தாழ்வின் பதிவாக இருத்தல் கூடும். அலகுகள் யாவும் ஒரேயளவினவாக இருந்தே தீரவேண்டும் என்னும் முற்கோளைக் கைவிட்டால், 22 என்னும் தொகையைத் திருத்தவேண்டிய தேவையே எழாது.

இத்திசையில் சென்றவர் விபுலானந்த அடிகள். அறிவியல் பயின்ற அவர் 1947இல் வெளியிட்ட யாழ்நூலில், 22 அலகுகளை இயற்கையான பின்ன அளவுகளுடன் பொருத்திக் காட்டினார். மேற்கூறிய வரிசையை அவ்வாறு கணக்கிட்டால் செம்பாலை அரிகாம்போதியாக அமைகிறது. எஸ். இராமநாதனும் சிலப்பதிகார இசைபற்றிய தம் ஆய்வில் செம்பாலையை அரிகாம்போதி எனவே கொண்டார். மூலத்தின் எண்ணைத் திருத்தாமலே பொருள்காணும் இம்முறை உரையியல் நெறிக்கு இயைந்தது. பாடவேறுபாட்டிற்குச் சான்றில்லாதவிடத்துப் பாடத்தைத் திருத்துவதைவிட விளங்கிக்கொள்ள முயல்வதே பதிப்பாசிரியர் கடன் என்பது இங்கும் பொருந்தும்.

எனினும் பண்டிதர் பக்கத்தில் சொல்லத்தக்கது மிகுதியும் உண்டு. தமிழ் மரபு கிளை என்றும் நட்பு என்றும் போற்றிய ஐந்தாம், நான்காம் நரம்புகளில் அவர் கணக்கு ஏறத்தாழப் பிழையற்றது. பிழை மிகும் இடங்கள் மரபே பகை என்று ஒதுக்கிய மூன்றும் ஆறுமே. அடுத்து, தஞ்சையோடு தொடர்புடைய வீணையில் இரு தாயிகளுக்கு 24 மெட்டுகளே உள்ளன. தாயிக்குப் பன்னிரண்டு இடம் என்னும் அவர் நிலைப்பாடு அக்கருவியின் நடைமுறைக்கு இயைந்தது. எஞ்சிய நுண்ணொலிகள் நிலையான சுருதிகளாக அன்றி, நரம்பை இழுத்தும் அசைத்தும் பெறும் கமகங்களாகவே பிறக்கின்றன. 1963இல் ஜெயிரஸ்பாயும் ஸ்டோனும் இந்துஸ்தானிக் கலைஞர்களின் வாசிப்பை அளந்தபோது, ஒரே சுரம் கலைஞர்க்குக் கலைஞர் வேறுபடுவதையே கண்டனர். 22 சுருதிகளுக்கு அசையாத பின்ன அளவுகளைக் கற்பிக்கும் கொள்கையைப் பண்டிதர் ஐயுற்றமைக்கு இது வலுச்சேர்க்கிறது. அவர் தந்த விடையில் குறையுண்டு; அவர் எழுப்பிய ஐயம் பழுதற்றது.

வங்கத்து ஒப்புமை: கொல்கத்தாவும் தஞ்சையும்

மருத்துவ நோக்கு இசையெழுத்தில் ஒரே வடிவந்தான் பெறுமா என்பதை அறிய, பிறமொழிச் சூழலொன்றை ஒப்புநோக்குதல் பயன்தரும். கொல்கத்தா இதற்கு ஏற்ற களமாகும். அந்நகரில் சௌரீந்திர மோகன் தாகூர் 1871இல் வங்க இசைப்பள்ளியை நிறுவி, இசைநூல்கள் பலவற்றை வெளியிட்டார். அவ்வாய்வுக்கு முதலீடானது பெருநிலக்கிழார் குடும்பத்தின் செல்வம். தஞ்சையில் மருந்து விற்ற வருவாய் செய்ததைக் கொல்கத்தாவில் நிலவருவாய் செய்தது.

அதே நகரின் இசையரங்குகளில் உருவான மற்றொருவர் அமியநாத் சன்யால். அவர் தொழிலால் மருத்துவர்; கிருஷ்ணநகரில் மருத்துவம் பார்த்தவர். கொல்கத்தாவில் சியாம்லால் கேத்ரியிடமும் சாரங்கி வல்லுநர் பாதல் கானிடமும் இசையறிவு பெற்றார். 'நினைவின் ஆழத்தில்' என்று பொருள்படும் 'ஸ்மிருதிர் அதலே' அவர்தம் புகழ்பெற்ற வங்கமொழி நூல். மௌஜுத்தீன், காலே கான், பையாஸ் கான் போன்ற கலைஞர்களை நேரிற் கேட்ட நினைவுகள் அதில் எழுத்தாகியுள்ளன. 'ராகங்களும் ராகினிகளும்' என்னும் அவர்தம் கோட்பாட்டாய்வு நூல் 1959இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

இருவரையும் அருகருகே வைத்து நோக்கின் மருத்துவத்தின் இரு முகங்கள் புலனாகும். மருந்தின் அளவை வரையறுப்பது ஒன்று. நோயாளி ஒவ்வொருவரின் வரலாற்றையும் தனித்தனியே கேட்டறிவது மற்றொன்று. பண்டிதரின் எழுத்தில் முன்னது ஓங்கியது. எல்லார்க்கும் எக்காலத்தும் பொருந்தும் அளவை அவர் தேடினார். சன்யாலின் நினைவுநூலில் பின்னது ஓங்கியது. குறிப்பிட்ட ஒரு மாலையில் குறிப்பிட்ட ஒரு குரல் என்ன செய்தது என்பதே அங்குப் பொருள். பண்டிதர் கண்ட வித்துவான்கள் பலர், அவர் கூட்டிய மாநாடுகளில் அவர்கள் பாடினர், விவாதித்தனர். ஆயினும் அவர்தம் பெருநூலில் அவர்கள் பெரும்பாலும் ஒரு கொள்கைக்குச் சான்று கூறுவோராகவே வருகின்றனர். அவர்கள் காந்தாரத்தை எவ்வாறு அசைத்தனர், எவ்விடத்துத் தாழ்த்தினர் என்னும் தனிப்பதிவுகள் விரிந்திருப்பின், கைக்கிளை, விளரி பற்றிய சிக்கலுக்கு அப்பதிவுகளே விடை தந்திருக்கும்.

இவ்வேறுபாட்டிற்குக் காலச்சூழலும் காரணமாகும். வங்கத்தில் இந்துஸ்தானி இசையின் உரிமைபற்றி ஐயம் எழவில்லை. எனவே சன்யால் கேட்டு மகிழ்ந்ததை எழுதினால் போதுமாயிருந்தது. தமிழகத்திலோ, இசையிலக்கணம் வடமொழி நூல்களுக்கே உரியது என்னும் கருத்து மேலோங்கியிருந்த காலத்தில் பண்டிதர் எழுதினார். முதலில் உரிமையை நிறுவவேண்டிய கடன் அவர்மேல் இருந்தது. உரிமையை நிறுவ எண் தேவைப்பட்டது. அவ்வெண் மூடிய வட்டமாக இருந்தால் வாதம் இன்னும் வலுப்பெறும் என அவர் கருதியதில் வியப்பில்லை.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. கருணாமிர்த சாகரத்தின் வரலாற்று அடுக்கைக் கணக்கு, உரையியல் அடுக்குகளிலிருந்து பிரித்தே மதிப்பிடவேண்டும். ஒப்பிட்டுச் சோதித்து மறுக்கும் அதன் துணிவும், பகை, நட்பு முதலிய உரைச்சொற்களை நடைமுறை விதிகளாகக் காணும் அதன் கூர்மையும் மருத்துவத் தொழிலோடு உறவுடையவை. உடலின் அளவே இசையின் அளவாதல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் அங்கிருந்தே வந்தது. சிலப்பதிகார உரையின் 22 அலகைத் திருத்தத் தூண்டியதில் அதற்குப் பங்குண்டு. பண்டிதரை வழிபடுவோர் இதனை மறைக்கவேண்டியதில்லை. இகழ்வோர் இதுகொண்டு அவரை ஒதுக்கவும் இயலாது.

பண்டிதர் 1919 ஆகஸ்டு 31இல் மறைந்தார். இராகங்கள் பற்றிய இரண்டாம் புத்தகத்தை அவர் மகள் மரகதவல்லி துரைப்பாண்டியன் 1946இல் வெளிக்கொணர்ந்தார். அதன்பின் தமிழிசை ஆய்வு பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றது. பாரதிதாசன் பல்கலைக்கழக வெளியீடாக வந்த வீ.ப.கா. சுந்தரத்தின் தமிழிசைக் கலைக்களஞ்சியம் போன்ற பெருந்தொகுதிகள் தோன்றின. எனினும் கைக்கிளையும் விளரியும் உண்மையில் எவ்வளவு தாழ்ந்து ஒலிக்கின்றன என்பதை, ஓதுவார் பாடும் பண்களிலும் நாகசுரத்திலும் பரவலாக அளந்து, அவ்வளவுகளை உரைவரிசையுடன் ஒப்பிடும் பணி விரிவாக நடைபெறவேண்டியுள்ளது. ஒலிப்பதிவிலிருந்து சுர அளவைக் கூறுபிரித்துக் காட்டும் கணினிக் கருவிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. கணக்கறிந்தவரும் உரையறிந்தவரும் பாடத்தெரிந்தவரும் ஒருங்கு கூடினால் இப்பணி கைகூடும். தஞ்சையில் 1912இல் ஒரு மருத்துவர் தம் செலவில் கூட்டிய அவையின் நோக்கமும் அதுவே.